ஏழு பங்கும் நம் பெண்மக்களும்

தவாஃப் ஏழு சுற்று. ஸஃபா, மர்வா இடையே ஸயீ ஏழு முறை. குழந்தை பிறந்த ஏழாம் நாள் அகீகா. தமிழில் பார்த்தால் ஒவ்வொரு குறளுக்கும் ஏழு சீர். இந்த எண்ணை நாம் பிரியத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் பாகப்பிரிவினைக்கு உட்காரும்போது இதே ஏழு நம்மைத் திணறடிக்கிறது.

ஏழு ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. நம் ரூபாய்க் கணக்கும் சென்ட் கணக்கும் பத்தை வைத்து ஓடுபவை. பத்தை மீதியின்றி வகுக்கும் பகா எண்கள் 2, 5 மட்டுமே. அதனால் நூறை நான்காகவோ ஐந்தாகவோ பிரித்தால் சரியாக வரும். ஏழாகப் பிரித்தால் 14.285714... என்று முடியாமல் நீளும். 142857 என்ற அதே ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும்.

இனி வீட்டுக்கு வருவோம். திருக்குர்ஆன் 4:11 வசனப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. பெற்றோரும் மனைவியும் முன்பே மவ்த்தாகிவிட்ட ஒருவர் 2 மகன்களையும் 3 மகள்களையும் விட்டுச் செல்கிறார். கபன் செலவு, கடன், வஸிய்யத் போக மீதம் ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு. பங்குகள் ஏழு.

“மகளுக்கு ஆளுக்கு 14 சென்ட், போதும்” என்று முடித்துவிடுவது வழக்கம். மூன்று பெண்களுக்கும் சேர்த்து 42 சென்ட். வரவேண்டியதோ 42.857. குறைவது சுமார் 373 சதுர அடி. ஒரு சிறிய வீடே கட்டலாம். அதையே சதுர அடியில் கணக்கிட்டால் ஒரு ஏக்கர் 43,560. ஏழால் வகுத்தால் பங்குக்கு 6,222. மிஞ்சுவது வெறும் 6 சதுர அடி.

அவருடைய மனைவி உயிரோடிருந்தால் கணக்கு இன்னும் எளிது. அவருக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு, ஏழு பங்காகிறது. ஆக ஒவ்வொரு பங்கும் சரியாக எட்டில் ஒன்று, அதாவது 12.5 சென்ட். தாய்க்கும் ஒவ்வொரு மகளுக்கும் ஒன்று, மகனுக்கு இரண்டு. எவ்வளவு அழகாக அமைகிறது, பாருங்கள்!

ஏழு வேறு வழியிலும் வரும். பிள்ளைகளோ பெற்றோரோ இல்லாத பெண், கணவரையும் உடன்பிறந்த இரு சகோதரிகளையும் விட்டு மரணிக்கிறார். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறு பங்கில் 3, 4 என்று எடுத்தால் கூட்டுத்தொகை ஏழு! உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் இதற்குத் தீர்வு காணப்பட்டது. சொத்தையே ஏழு பங்காக்கி, கணவருக்கு 3, சகோதரிகளுக்கு ஆளுக்கு 2. இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர்.

“தோட்டத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை” என்ற பேச்சும் நம் பக்கம் உண்டு. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது உண்மைதான். 1949இல் மதராஸ் மாகாணம் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குமுன், தன் பங்கு எத்தனை சதுர அடி என்பது அந்தச் சகோதரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.