விதையில் கலப்பு வந்தது எப்படி? – எங்கள் குழுவின் ஓராண்டுப் பாடம்

தை பிறந்ததும் எங்கள் இயற்கை உழவர் குழு கூடி, போன வருசத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது வழக்கம். திருவாரூர்ப் பக்கம் 14 பேர் கொண்ட சின்னக் குழு. இந்த முறை வைக்கோல் விலை, பக்கத்து வயல்காரர் அடிக்கும் களைக்கொல்லி, அரிசிக்கு எவ்வளவு விலை வைப்பது என்று பேச நிறைய இருந்தது. ஆனால் பாதி நாளை விதை ஒன்றே எடுத்துக்கொண்டது. தவறு என் பக்கம் என்பதால் நானே எழுதுகிறேன்.

போன தையில் என் தூயமல்லியை அறுக்க ஆள் கிடைக்கவில்லை. மேகம் வேறு கட்டிக்கொண்டு நின்றது. பக்கத்து ஊரில் பொன்மணி அறுத்துவிட்டு வந்த இயந்திரத்தை அப்படியே என் வயலில் இறக்கினேன். அந்த நெல்லைத்தான் ஆடியில் ஆறு பேருக்கு விதையாகக் கொடுத்தேன். நெல் ஜெயராமன் ஐயா ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் பழக்கிய முறைதான்: 2 கிலோ வாங்கினால் அடுத்த வருசம் 4 கிலோ திருப்பித் தரணும்.

மார்கழியில் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, வந்து வயலப் பாருங்க. தூயமல்லி கதிர் சாஞ்சிருச்சு. நடுவுல குட்டை குட்டையா பச்சையா நிக்குதே, அது என்னது?" போய்ப் பார்த்தேன். பொன்மணிதான். ஆறு வயலிலும் அதே கதை. "இத வாங்கி நான் யாருக்குத் திருப்பிக் குடுப்பேன்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். அதனால் பக்கத்து வயலிலிருந்து காற்றில் வரும் கலப்பு குறைவு. விதைப் பயிருக்கு 3 மீட்டர் இடைவெளி விட்டாலே போதும் என்கிறார்கள். கலப்பு அதிகம் வருவது நம் கையால்தான். அறுவடை இயந்திரத்தின் கதிரடிக்கும் உருளை, நெல் ஏறும் குழாய், தொட்டியின் மூலை என்று எல்லா இடத்திலும் முந்தின வயலின் நெல் தங்கியிருக்கும். சாக்கு, களம், போன போகத்தில் கொட்டித் தானாக முளைப்பது, இவையும் உண்டு.

"உப்புக் கரைசல்ல போட்டுத்தானே விதைச்சோம்?" என்று ஒரு தம்பி கேட்டார். முட்டை மிதந்து எட்டணா அளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்து நெல்லைப் போட்டால் பதரும் அரைமணியும் மேலே வரும். நன்றாக முற்றிய வேற்று ரகம் அடியில்தானே போய் உட்காரும்? இந்தக் குழப்பம் எங்களில் பலருக்கும் இருந்தது.

கலவனை வயலில்தான் எடுக்க முடியும். தூர் கட்டும்போது ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை, அறுப்புக்கு முன் ஒருமுறை. உயரம், இலை நிறம், பூக்கும் நாள், மணியின் வடிவு எது மாறினாலும் கதிரை மட்டும் கிள்ளாமல் தூரோடு பிடுங்கி, வரப்புக்கு வெளியே போடணும். பூக்கும் சமயம்தான் முக்கியம். முந்துவதும் பிந்துவதும் அப்போது பளிச்சென்று தெரியும்.

கூட்டத்தில் மூத்த அக்கா ஒருவர் சொன்னதுதான் எல்லாருக்கும் உறைத்தது. "எங்க மாமியார் வெதைக்குன்னு நடு வயல்ல நல்ல எடமாப் பாத்து முன்னாடியே அரிவாளால அறுத்துருவாங்க. மிச்சம் எப்படிப் போனாலும் கவலையில்ல." கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு 3 கிலோ விதை. 14 பேரும் ஆளுக்கு ஓர் ஏக்கர் நட்டால் 42 கிலோ. வரப்போரத்தை விட்டு நடு வயலில் 5 சென்ட் அறுத்தால் அதற்கு மேலேயே வரும். இரண்டு பேர் அரை நாளில் முடிக்கிற வேலை. மழைக்குப் பயந்து நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அறுத்ததைக் கையால் அடித்து, தூற்றி, ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைக்கணும். கொடுப்பதற்கு முன் 100 நெல்லை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்து, 80 முளைத்தால்தான் விதை என்று கொடுப்பது. மூட்டையில் ரகத்தின் பெயரோடு, எந்த வயல், கையறுப்பா இயந்திரமா என்றும் எழுதணும். விதை வயலை, வைத்திருப்பவர் மட்டும் பார்க்காமல் குழுவில் இன்னும் இருவர் மூன்று முறையும் போய்ப் பார்ப்பது என்றும் முடிவானது. கடைசி முடிவுக்கு முதலில் முகம் சுளித்தவன் நான்தான்.

தூய தூயமல்லி இப்போது எங்களிடம் ஒரே ஒரு வயலில் நிற்கிறது, கால் ஏக்கர். நான் இயந்திரம் இறக்குவதற்கு முந்தைய வருசம் விதை வாங்கிப் போனவர் வைத்திருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை அங்கே கையறுப்பு. அரிவாளோடு ஆறு மணிக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.