பித்தநாளச் சிகிச்சையும் கணைய அழற்சியும்

இரைப்பையின் பின்புறத்தே குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம் எனப்படும். அஃது ஊறச்செய்யும் சீரணநீர் ஒரு சிறு குழாய் வழியே முன்சிறுகுடலை அடைகின்றது. ஈரலினின்று பித்தநீரைக் கொணரும் பித்தநாளமும் பெரும்பாலும் அதே வாயிலில் வந்து கூடும். அவ்வாயிலைச் சுருக்கியும் நெகிழ்த்தும் காப்பது ஓடியின் தசைவளையம். இருவகை நீர்க்கும் வாயில் ஒன்றேயாதலே யாம் ஈண்டு ஆராயப் புகும் இடரின் பிறப்பிடமாம்.

பித்தநாளத்திற் கல் அடைத்தவிடத்து, வாய்வழியே அகநோக்கிக் குழாயைச் செலுத்திக் கல்லை அகற்றுதல் இக்கால மருத்துவ முறை. 1968-இல் வில்லியம் மக்கியூன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் துணைவரும் அவ்வாயிலுள் மெல்லிய குழல் செலுத்திக் காட்டினர். 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தசைவளையத்தைக் கீறித் திறக்கும் முறை வெளிப்பட்டது. வயிற்றைக் கீறாது கல்லை நீக்கும் இம்முறை பெருநன்மை பயப்பதே. ஆயினும் இதன்பின் சிலர்க்குக் கணைய அழற்சி தோன்றுகின்றது. ஃப்ரீமன் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தசைவளையம் கீறப்பெற்ற 2,347 பேருள் நூற்றுக்கு 5.4 பேர் இதற்கு ஆளாயினர். பெரும்பாலோர் சின்னாளிற் குணமடைவர். அரிதாகச் சிலர் உயிரிழத்தலும் உண்டு.

நிற்க. இவ்விடர் எவர்க்கு மிகுதி? இதன் ஏதுக்கள் இருவகைப்படும்.

முதலாவன நோயாளரைச் சார்ந்தன. பெண்பாலாதல், இளவயது, முன்னர் இச்சிகிச்சையால் கணைய அழற்சி கொண்டிருத்தல், குருதியிற் பிலிருபின் இயல்பளவாயிருத்தல், ஓடியின் தசைவளையக் கோளாறு என ஐயுறப்படுதல் என்பன அவை. நாட்பட்ட அழற்சியாற் கணையம் இறுகியோர்க்கோ இவ்விடர் குறைவு.

இரண்டாவன செய்முறையைச் சார்ந்தன. குழல் எளிதிற் புகாமை, கணையநாளத்துள் நிறமருந்து செல்லுதல், கணையநாளத் தசையைக் கீறுதல், பித்தநாளத் தசைவளையத்தைக் கீறாது பலூனால் விரித்தல் என்பன அவை. வாயிலைப் பன்முறை தீண்டின் அது வீங்கும். வீங்கின் கணையநீர் தடைப்படும். தடைப்பட்ட நீர் குடலில் உணவைச் செரிக்க வேண்டிய தன் ஆற்றலைக் கணையத்தின்மீதே காட்டும்.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாம். கல்லும் மஞ்சட்காமாலையும் இன்றி, வலி ஒன்றே உடைய இளம்பெண்ணுக்கு இடர் மிகுதி. அவட்குக் கிட்டும் பயனோ சிறிது. பித்தப்பை நீக்கியபின் இத்தகைய வலியுற்றோர்க்குத் தசைவளையத்தைக் கீறுதல், கீறாது விடுதலினும் மேம்பட்டதன்று என 2014-இல் வெளிவந்த சோதனை காட்டிற்று. ஆதலின், நோயை அறிதற்பொருட்டு மட்டுமாயின் காந்த அதிர்வுப் படமே முதற்கண் கொள்ளத்தக்கது.

சிகிச்சை இன்றியமையாததாயின் காப்புவழிகளும் உள. கம்பியை முன்செலுத்தி வழியறிதல் ஒன்று. கணையநாளத்திற் சிறு குழல் வைத்தல் மற்றொன்று. இண்டோமெதாசின் மருந்தை மலவாய்வழி இடுதல் மூன்றாவது. இடர் மிக்கோரே பெரும்பாலாராய் அமைந்த 602 பேரிடை நிகழ்ந்து 2012-இல் வெளிவந்த சோதனையில், இம்மருந்து நூற்றுக்கு 16.9 ஆயிருந்த அழற்சியை 9.2 ஆகக் குறைத்தது.

ஆகவே, எவர்க்குச் செய்வது என ஆராய்தலே முதற்காப்பு. எவ்வாறு செய்வது என்பது அதற்கு அடுத்ததே என்க.