மேடைச் சுவரும் சின்னத்திரையும்

ஒரு நாடகத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றுவோர் எதைக் காக்க வேண்டும்? வசனத்தை என்பர் பலர். மேடை மரபையும் என்பேன் நான். ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' என்னும் ஆங்கில நாடகம் இதற்குத் தக்க சான்று.

1949-இல் நியூயார்க்கில் அரங்கேறிய இந்நாடகத்தில், 63 வயது விற்பனையாளன் வில்லி லோமனின் வீட்டுக்கு முழுச் சுவர்கள் இல்லை. நிகழ்காலக் காட்சிகளில் நடிகர்கள் வாயில் வழியாகவே நுழைவர். வில்லியின் நினைவில் கடந்த காலம் எழும்போது சுவர்க்கோட்டைக் கடந்து நடப்பர். அதைக் கொண்டே அவையோர் காலமாற்றத்தை உணர்வர்.

காமிராவோ உள்ளதை உள்ளபடி காட்டும் கருவி. உண்மையான வீட்டில் படம்பிடித்தால், இறந்துபோன அண்ணனோடு பேசும் வில்லி வெறும் பித்தனாகத் தோன்றுவான். வேலை இழந்தவனின் துயரம் நோயாகச் சுருங்கிவிடும். 1985-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த வடிவத்தை இயக்கிய வோல்கர் ஷ்லோண்டார்ஃப் இதனை உணர்ந்திருந்தார் எனலாம். அவர் அமைத்த வீட்டில் சுவர்கள் வேண்டுமென்றே இடைவெளியோடு விடப்பட்டன. அண்மைக் காட்சிகளில் டஸ்டின் ஹாஃப்மனின் முகம் மெய்யாகவே தோன்ற, வீடு நாடகமாகவே நின்றது.

மேடை செய்த பணியைத் திரையும் செய்ய வழி காண்பதே நல்ல தழுவல் என்பது என் துணிபு.