டிசபிலிட்டி கிளெய்ம் மறுக்கப்பட்டதா? அப்பீல் எழுதும் முன்பே வக்கீலைப் பாருங்கள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்குக் கம்பெனி மூலமே நீண்டகால இயலாமைக் காப்பீடு இருக்கிறது. ‘லாங் டெர்ம் டிசபிலிட்டி’, சுருக்கமாக எல்டிடி. வேலையில் சேர்ந்தபோது எச்ஆர் அனுப்பிய படிவங்களோடு அதற்கும் டிக் அடித்திருப்போம், அத்தோடு மறந்திருப்போம். முதுகுத்தண்டு பாதிப்பு, புற்றுநோய் சிகிச்சை, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், கோவிட்டுக்குப் பிறகு விடாத களைப்பு என்று ஏதாவது வந்து வேலையை நிறுத்தும்போதுதான் அந்தப் பாலிசி ஞாபகத்துக்கு வரும். இத்தகைய பாலிசிகள் பல, பழைய சம்பளத்தில் 60 சதவீதம் அளவுக்கு மாதாமாதம் தருபவை. கிளெய்ம் போடுகிறோம். சில மாதம் கழித்துக் கடிதம் வருகிறது: உங்களுடையது உட்கார்ந்து செய்யும் வேலை, அதை உங்களால் செய்ய முடியும் என்று எங்கள் மருத்துவ ஆய்வாளர் கருதுகிறார், ஆகவே மறுக்கிறோம்.

அப்போது பலரும் செய்வது இதுதான். டாக்டரிடம் ஒரு பக்கச் சான்று வாங்கி, மனம் நொந்து ஒரு கடிதம் எழுதி, அந்த வாரமே அப்பீலை அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் போனால் வக்கீல், கோர்ட் என்று பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. கம்பெனி மூலம் வந்த எல்டிடி கிளெய்மில் அப்பீல்தான் வழக்கு. கோர்ட், அந்த அப்பீல் ஃபைலைப் புரட்டிப் பார்க்கும் இடம் மட்டுமே.

சட்டம் எப்படி இருக்கிறது

தனியார் கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தரும் இத்தகைய சலுகைகளை ஆள்வது 1974-இல் வந்த எரிஸா என்ற மத்தியச் சட்டம். இதன்கீழ் வழக்குப் போட்டால் பெரும்பாலும் ஜூரி கிடையாது. சாட்சி ஏறிச் சொல்வதும் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனி முடிவெடுத்தபோது ஃபைலில் என்ன இருந்ததோ அதை வைத்தே நீதிபதி தீர்ப்புச் சொல்வார். அப்பீலில் சேர்க்க மறந்த எம்ஆர்ஐ அறிக்கையைப் பிறகு கொண்டுபோய் நீட்டினால், அரிதான சில சூழ்நிலைகள் தவிர, வாங்க மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முடிவெடுக்கும் விருப்புரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கே என்று பாலிசியில் எழுதியிருந்தால், அந்த முடிவு சரியா என்று நீதிபதி புதிதாக ஆராய்வதில்லை. நியாயமான வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். 1989-இல் ஃபயர்ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. கலிஃபோர்னியா, இல்லினாய், டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் இத்தகைய வாசகத்துக்குத் தடை போட்டிருக்கின்றன. ஆகவே எந்த மாநிலத்துச் சட்டம் உங்கள் பாலிசிக்குப் பொருந்தும் என்பதே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். முடிவெடுப்பதும் பணம் கொடுப்பதும் ஒரே கம்பெனி என்றால் அந்த முரணையும் நீதிபதி கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2008-இல் மெட்லைஃப் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் உங்களைப் பல வருடம் பார்த்த டாக்டர் சொன்னார் என்பதற்காகவே அவர் பேச்சுக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டியதில்லை என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜெயித்தாலும் கிடைப்பது பாக்கித் தொகை, சில வேளை வட்டி, வக்கீல் செலவு. மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடோ, கம்பெனிக்குத் தண்டத் தொகையோ கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கிறது.

அரசு ஊழியர்கள், சர்ச் நிறுவனங்களின் திட்டங்கள், நீங்களே நேரடியாக வாங்கிய பாலிசி ஆகியவை பொதுவாக எரிஸாவுக்கு வெளியே. அங்கே மாநிலச் சட்டம் பேசும், வழியே வேறு. உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

மறுப்புக் கடிதத்தில் என்ன தேடுவது

அப்பீல் செய்யக் குறைந்தது 180 நாள் தர வேண்டும் என்பது விதி. கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள், உறையையும் பத்திரப்படுத்துங்கள். கெடு தவறினால் கோர்ட் கதவும் பெரும்பாலும் சாத்தப்படும். போனில் “பார்த்துக்கொள்ளலாம்” என்று கிளெய்ம் அதிகாரி சொன்னதை நம்பி ஒருநாள்கூடத் தள்ளாதீர்கள்.

கடிதத்தில் மறுப்புக்கான காரணமும், எந்தப் பாலிசி விதிப்படி என்பதும், வேறென்ன ஆதாரம் தேவை என்பதும் இருக்க வேண்டும். உங்கள் டாக்டரின் கருத்தையோ, சோஷியல் செக்யூரிட்டி உங்களுக்குச் சாதகமாக எடுத்த முடிவையோ ஏற்கவில்லை என்றால் ஏன் என்று விளக்க வேண்டும். விளக்கம் இல்லாவிட்டால் அந்த ஓட்டையே உங்கள் அப்பீலில் ஒரு வாதம்.

அடுத்து, இயலாமைக்குப் பாலிசி தரும் விளக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில் முதல் 24 மாதம் ‘ஓன் ஆக்குபேஷன்’: உங்கள் தொழிலைச் செய்ய முடியவில்லை என்று காட்டினால் போதும். அதன்பின் ‘எனி ஆக்குபேஷன்’: உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற எந்த வேலையும் முடியாது என்று காட்ட வேண்டும். மனநலக் காரணங்களுக்கு மொத்தமே 24 மாதம்தான் என்ற வரம்பும் பல பாலிசிகளில் உண்டு. உடல்நோயால் வந்த சோர்வை ‘மனச்சோர்வு’ என்று வகைப்படுத்தியிருந்தால், அதைக் கண்டிப்பாக எதிர்க்க வேண்டும்.

எதையும் வாதிடும் முன் இரண்டு கடிதங்கள்

முதல் கடிதம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு: என் கிளெய்ம் ஃபைல் முழுவதையும் அனுப்புங்கள். இது இலவசமாகக் கிடைக்க வேண்டிய உரிமை. உங்களை நேரில் பார்க்காமலே காகிதத்தை வைத்துக் கருத்து எழுதிய டாக்டரின் அறிக்கை, அவரிடம் கேட்ட கேள்விகள், உள்குறிப்புகள், இருந்தால் கண்காணிப்பு வீடியோ எல்லாம் அதில் இருக்கும்.

இரண்டாவது, திட்ட நிர்வாகிக்கு. பெரும்பாலும் அது உங்கள் கம்பெனிதான். பாலிசி, திட்ட ஆவணம், அதன் சுருக்க விளக்கம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் தராவிட்டால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. எச்ஆர் வாய்மொழியாகச் சொல்லும் விளக்கத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

இவை வரும்வரை அப்பீலை அனுப்ப வேண்டாம். எதிராளி என்ன சொன்னார் என்று தெரியாமல் பதில் எழுதுவதில் பயனில்லை.

ஃபைலில் ஏற வேண்டியவை

ஐடி ஊழியர்களின் கிளெய்ம் அதிகம் விழுவது ‘உட்கார்ந்த வேலை’ என்ற ஒற்றை வரியில்தான். தொழில்களை வகைப்படுத்த இன்றும் பயன்படும் தொழிலாளர் துறை அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991-இல். அதன் பார்வையில் உட்கார்ந்த வேலை என்றால் அவ்வப்போது 10 பவுண்டு வரை தூக்கினால் போதும். நள்ளிரவில் புரொடக்ஷன் விழுந்தால் எழுந்து சரிசெய்வதும், ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மண்டையில் வைத்து கோட் எழுதுவதும் அந்த வரையறையில் வராது. அதை ஃபைலுக்குள் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.

ஆகவே முதலில் வேலையை விவரியுங்கள். எச்ஆரின் பொதுவான ஜாப் டிஸ்கிரிப்ஷன் போதாது. எத்தனை மணி நேரம் திரை, எத்தனை மீட்டிங், ஆன்கால் எப்படி, பிழை நேர்ந்தால் விளைவு என்ன என்று எழுதுங்கள். கூட வேலை பார்த்தவரோ முன்னாள் மேனேஜரோ கையெழுத்திட்டுத் தரும் வாக்குமூலம் இதற்குப் பலம் சேர்க்கும். தொழில் நிபுணர் ஒருவரின் அறிக்கை இன்னும் நல்லது.

பிறகு டாக்டர் கடிதம். “இவரால் வேலை செய்ய இயலாது” என்ற ஒற்றை வாக்கியத்துக்கு மதிப்பில்லை. தொடர்ந்து எத்தனை நிமிடம் உட்கார முடியும், எவ்வளவு நேரம் டைப் செய்ய முடியும், நாளில் எத்தனை தடவை படுக்க வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வர முடியாமல் போகும், மருந்தின் பக்கவிளைவு என்ன என்று அளவோடு எழுதச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் டாக்டரின் அறிக்கையையே அவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு கருத்துக்கும் பதில் வாங்குங்கள்.

அடுத்தது சோதனைகள். வலி, பலவீனம் என்றால் உடல் செயல்திறனை அளக்கும் எஃப்சிஇ சோதனை. கவனம், நினைவாற்றல் பாதிப்பு என்றால் நியூரோசைக்காலஜி சோதனை. அதில் வேண்டுமென்றே குறைத்துச் செய்கிறாரா என்று பார்க்கும் பகுதியும் இருப்பதால் நீதிபதிகள் மதிப்பார்கள். செலவு உண்டு, எது தேவை என்று வக்கீலோடு பேசி முடிவெடுங்கள்.

வீட்டாரின் கடிதமும் உதவும். மனைவியோ கணவரோ “பாவம், ரொம்பக் கஷ்டப்படுகிறார்” என்று எழுதுவதைவிட, “மளிகைப் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மறந்துவிடுகிறார், நான்தான் கார் ஓட்டுகிறேன்” என்று எழுதுவது மேல்.

ஒரு எச்சரிக்கை: கண்காணிப்புக்கு ஆள் வைப்பதும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை மேய்வதும் இத்துறையில் சகஜம். கோயில் திருவிழாவில் சிரித்தபடி நிற்கும் ஒரு படம், அன்றைக்குப் பிறகு மூன்று நாள் படுக்கையில் கிடந்ததைச் சொல்லாது. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருமென்றால் அதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். மிகைப்படுத்தாதீர்கள், ஒரு வீடியோ போதும், மொத்த நம்பகத்தன்மையும் போய்விடும்.

வக்கீல்: எப்போது, யார், எவ்வளவு

எப்போது என்றால், மறுப்புக் கடிதம் வந்த முதல் சில வாரங்களில். 170-வது நாளில் போனால் நல்ல வக்கீல் கையை விரிப்பார். ஆதாரம் திரட்ட அவருக்கு மாதங்கள் வேண்டும். இரண்டாவது மறுப்பும் வந்தபின் போனால், நீங்கள் தனியே கட்டிய ஃபைலை வைத்தே அவர் வாதாட வேண்டியிருக்கும்.

குடும்ப நண்பரான ரியல் எஸ்டேட் வக்கீலோ, விசா பார்த்துத் தந்த வக்கீலோ இதற்குப் பொருந்த மாட்டார். எரிஸா டிசபிலிட்டியே முழுநேரத் தொழிலாகச் செய்பவரைத் தேடுங்கள். மாநில பார் அசோசியேஷனின் பரிந்துரைச் சேவையில் தொடங்கலாம். இது மத்தியச் சட்டம் என்பதால் வேறு மாநில வக்கீலும் பல நேரம் அப்பீலை எடுத்துச் செய்வார்.

கட்டணம் பெரும்பாலும் ஜெயித்தால்தான். கிடைக்கும் தொகையில் 25 முதல் 40 சதவீதம் வரை கேட்பது வழக்கம். கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை:

- பாக்கித் தொகையில் மட்டுமா, இனி வரும் மாதத் தொகையிலும் பங்கா? எத்தனை வருடத்துக்கு?
- டாக்டர் அறிக்கை, சோதனைச் செலவு யார் தலையில்? தோற்றால்?
- அப்பீலுக்குப் பிறகு வழக்கும் நீங்களே நடத்துவீர்களா? சதவீதம் கூடுமா?
- மொத்தத் தொகையாக செட்டில்மென்ட் வந்தால் கட்டணம் எப்படி?

வழக்கில் ஓரளவு வெற்றி கிடைத்தாலே உங்கள் வக்கீல் செலவை எதிர்த்தரப்பு தர நீதிபதி உத்தரவிடலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அப்பீல் கட்டச் செலவு பொதுவாக அதில் சேராது. உங்கள் உரிமை என்ன என்று மட்டும் தெரிய வேண்டுமானால், தொழிலாளர் துறையின் இபிஎஸ்ஏ பிரிவு ஆலோசகர்கள் இலவசமாகப் பேசுவார்கள்.

அப்பீல் போன பிறகு

முதலில் மறுத்தவரோ அவருக்குக் கீழே உள்ளவரோ அப்பீலை முடிவு செய்யக் கூடாது. மருத்துவ ஆலோசகரும் வேறொருவராக இருக்க வேண்டும். 45 நாளில் முடிவு வர வேண்டும். சிறப்புக் காரணம் காட்டி இன்னொரு 45 நாள் நீட்டிக்கலாம். நடுவில் புதிதாக ஒரு டாக்டர் அறிக்கை வாங்கினால், மறுக்கும் முன் அதை உங்களுக்குக் காட்டிப் பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பின் போட்ட கிளெய்ம்களுக்கு வந்த விதி இது. இந்த வாய்ப்பை நழுவவிடாதீர்கள்.

கோர்ட்டுக்குப் போகும் கெடு பாலிசியிலேயே இருக்கும். அந்தக் கடிகாரம் அப்பீல் முடியும் முன்பே, கிளெய்முக்கு ஆதாரம் தர வேண்டிய நாளிலிருந்து ஓடத் தொடங்கலாம் என்று 2013-இல் ஹைமஷாஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இறுதி மறுப்புக் கடிதத்தில் அந்தக் கடைசித் தேதி இருக்க வேண்டும். இருந்தாலும் வக்கீலைக் கொண்டு சரிபாருங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி தனிக் கணக்கு

சம்பளத்தில் பிடித்த வரியால் கிடைக்கும் அரசின் எஸ்எஸ்டிஐ வேறு திட்டம். அங்கே ஒவ்வொரு மறுப்புக்கும் அப்பீல் கெடு 60 நாள்தான். தபாலுக்கு 5 நாள் சேர்த்துக்கொள்வார்கள். மறுபரிசீலனை, நிர்வாக நீதிபதி விசாரணை, அப்பீல்ஸ் கவுன்சில், பிறகு மத்திய நீதிமன்றம் என்று படிகள். விசாரணையில் நீங்களே நீதிபதியிடம் பேசலாம். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். வழக்கமான கட்டண ஒப்பந்தத்தில் வக்கீலுக்குப் பாக்கித் தொகையில் 25 சதவீதம், உச்சவரம்பு 2024 நவம்பர் இறுதியிலிருந்து 9,200 டாலர். இரண்டில் எது குறைவோ அது.

எல்டிடி பாலிசிகள் பல, எஸ்எஸ்டிஐ-க்கு விண்ணப்பிக்கச் சொல்லும்; கிடைத்ததும் அந்தத் தொகையைத் தன் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும், முன்பு கூடுதலாகத் தந்ததைத் திருப்பியும் கேட்கும். மொத்தமாக வரும் அரசுப் பணத்தைக் கடனடைக்கச் செலவழித்துவிடாதீர்கள்.

வேலை, விசா, ராஜினாமா

லே-ஆஃப் பேக்கேஜோடு வரும் ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு எதிரான எல்லா உரிமையையும் விட்டுத்தருகிறேன் என்ற வரி இருக்கும். எல்டிடி கிளெய்முக்கு அதில் விலக்கு எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உடம்பு முடியவில்லை என்று தானாக ராஜினாமா செய்வதற்கும் முன்பு வக்கீலிடம் கேளுங்கள்; பாலிசி அமலில் இருக்கும்போதே இயலாமை தொடங்கியது என்பதை நிறுவ வேண்டும். எச்-1பியில் இருப்பவர்கள் வேலை நின்றால் விசா நிலையும் ஆடும் என்பதால், குடியேற்ற வக்கீலிடமும் இணையாகப் பேசிவிடுங்கள்.

இந்த வாரத்து வேலை இவ்வளவுதான்: 180-வது நாளைக் காலண்டரில் குறியுங்கள், ஃபைலையும் பாலிசியையும் கேட்டு இரண்டு கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள், இரண்டு மூன்று எரிஸா வக்கீல்களிடம் மறுப்புக் கடிதத்தை அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். அடுத்த டாக்டர் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சையில் விழும் இடைவெளியையும் உங்களுக்கு எதிராகவே படிப்பார்கள். அப்பீல் கடிதம் கடைசியில் எழுதப்படட்டும்.