ஏழு பெண்கள், எண்பது ரூபாய்

சொந்தமாகத் தொழில் தொடங்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. கையில் முதல் இல்லையே என்று தயங்குகிறோம். முதல் வேண்டும்தான். ஆனால் முதல் மட்டும் போதாது. கணக்கும் வேண்டும். கணக்கு இல்லாத தொழில் ஓட்டைப் பானை போன்றது. எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

ஓர் உண்மைக் கதையைப் படிப்போம்.

1959-ஆம் ஆண்டு. இன்றைய மும்பைக்கு அன்று பம்பாய் என்று பெயர். அங்கே கிர்காவ் பகுதியில் ஒரே குடியிருப்பில் ஏழு பெண்கள் வாழ்ந்தார்கள். குடும்பத்துக்குக் கூடுதல் வருமானம் தேவைப்பட்டது. அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை அப்பளம் இடுவது. அதையே தொழிலாகச் செய்ய முடிவு செய்தார்கள்.

சகன்லால் பாரேக் என்ற சமூகத் தொண்டரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். மார்ச் 15 அன்று மொட்டை மாடியில் கூடி வேலையைத் தொடங்கினார்கள். முதல் நாள் கிடைத்தது 4 பாக்கெட் அப்பளம். அதைத் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விற்றார்கள்.

நட்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள்.

முதலில் இரண்டு தரத்தில் அப்பளம் செய்தார்கள். தரம் குறைந்ததைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். "ஒரே தரமாகச் செய்யுங்கள். அது நல்ல தரமாக இருக்கட்டும். கணக்கைச் சரியாக எழுதி வையுங்கள்" என்று பாரேக் அறிவுரை கூறினார். அவர்கள் அதைக் கேட்டு நடந்தார்கள்.

மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள். கீழே அடுப்பை வைத்தார்கள். மழையிலும் அப்பளம் காய்ந்தது.

முதல் ஆண்டில் மொத்த விற்பனை 6,196 ரூபாய். அந்தத் தொழில்தான் இன்று நாடெங்கும் தெரிந்த 'லிஜ்ஜத்' அப்பளம். இன்று 40,000-க்கும் அதிகமான பெண்கள் அதில் உறுப்பினர்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கணக்குப் போடுவோம்

நீங்களும் அப்பளம் செய்வதாக வைத்துக்கொள்வோம். இது ஒரு மாதிரிக் கணக்கு. விலையை உங்கள் ஊர்க் கடையில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

உளுந்து மாவு 4 கிலோ – 600 ரூபாய்
எண்ணெய், உப்பு, பெருங்காயம் முதலியவை – 100 ரூபாய்
பை – 40 ரூபாய்
போக்குவரத்து – 60 ரூபாய்
மொத்தம் – 800 ரூபாய்

இதில் 20 பாக்கெட் கிடைக்கிறது. ஒரு பாக்கெட்டுக்கு ஆகும் செலவு 40 ரூபாய். 50 ரூபாய்க்கு விற்றால் 200 ரூபாய் லாபம் என்று தோன்றும்.

ஆனால் ஒரு செலவு விட்டுப் போயிற்று. அது உங்கள் கூலி. வேறு வேலைக்குப் போயிருந்தால் 300 ரூபாய் கிடைத்திருக்கும் அல்லவா? அதையும் சேருங்கள். மொத்தச் செலவு 1,100 ரூபாய். ஒரு பாக்கெட்டுக்கு 55 ரூபாய். அப்படியானால் 50 ரூபாய்க்கு விற்பது லாபமா? இல்லை. 100 ரூபாய் நட்டம். 65 ரூபாய்க்கு விற்றால்தான் 200 ரூபாய் லாபம்.

65 ரூபாய்க்கு வாங்குவார்களா? முதலில் கொஞ்சமாகச் செய்து நாலு கடையில் கேட்டுப் பாருங்கள். வாங்கமாட்டார்கள் என்றால் வேறு தொழிலை யோசியுங்கள். பெரிய கடன் வாங்கிய பிறகு இது தெரிந்து பயனில்லை.

நினைவில் வையுங்கள்

1. தெரிந்த தொழிலைத் தொடங்குங்கள்.
2. தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியே வையுங்கள். வீட்டுக்கு எடுத்தால் அதையும் எழுதுங்கள்.
3. வரவு, செலவு, வரவேண்டிய பாக்கி ஆகிய மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள்.
4. கந்துவட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். மகளிர் குழுவிலோ வங்கியிலோ கேளுங்கள். முத்ரா திட்டத்தில் சிறு தொழிலுக்கு அடமானம் இல்லாமல் கடன் தருகிறார்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.
5. சிறு தொழிலுக்கான 'உத்யம்' பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை.
6. உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

விடை சொல்லுங்கள்

1. ஏழு பெண்களும் எவ்வளவு கடன் வாங்கினார்கள்?
2. மழைக்காலத்தில் வந்த இடைஞ்சலை எப்படித் தீர்த்தார்கள்?
3. நம் கூலியை ஏன் செலவில் சேர்க்க வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் சிறு தொழில் செய்யும் ஒருவரிடம் பேசுங்கள். அவருடைய ஒரு நாள் வரவு செலவைக் கேட்டு எழுதுங்கள். அவருக்குக் கூலி கிடைக்கிறதா, லாபமும் கிடைக்கிறதா என்று குழுவில் பேசுங்கள்.