ஸ்பைரியா வளராத ஊரில் நிறம் தரும் செடிகள்



வீட்டு முன்னாடி அழகுக்கு என்ன செடி வைக்கலாம்னு இணையத்தில் தேடினால், ஸ்பைரியா படம் எப்படியும் கண்ணில் படும். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த குத்துச்செடி இது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். 'கோல்டுஃபிளேம்' என்ற ரகத்தில் பூவை விட இலைதான் விசேஷம். வசந்தத்தில் செம்பு நிறத்தில் துளிர்க்கும், கோடையில் மஞ்சள் கலந்த பச்சையாகும், இலையுதிர் காலத்தில் மறுபடி ஆரஞ்சாக மாறும். பார்த்த உடனே ஆன்லைனில் ஆர்டர் போடத் தோணும். ஒரு நிமிஷம் பொறுங்க. ஆனைக்குட்டத்தில் அது தாக்குப்பிடிக்குமா?

முதலில் அந்த நிறம் எப்படி வருதுன்னு பார்ப்போம். குளிர் நெருங்கும்போது இலை பச்சையம் தயாரிப்பதைக் குறைக்கிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டு மஞ்சளாக வெளியே தெரிகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் சேர்ந்தால் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி புதிதாக உருவாகிறது. ஆக, அந்த நிறத்துக்குக் குளிர்காலம்தான் சுவிட்ச். பல ஸ்பைரியா வகைகளுக்கு இலையுதிர்த்து ஓய்வெடுக்கவும் அந்தக் குளிர் வேணும். நமக்கு அந்தக் குளிர் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் மழை, மீதி மாதமெல்லாம் வெயில். அப்படியானால் நமக்கான சுவிட்ச் மழையும் வெயிலும்தான்.

நம்ம ஊரில் இலை நிறம் மாறுவதே இல்லைன்னு நினைக்காதீங்க. வேப்பமரம் துளிர்விடும்போது கொழுந்து செம்பு நிறத்தில் இருக்கும். நாட்டு வாதுமை இலை உதிர்வதற்கு முன்னால் ரத்தச் சிவப்பாக மாறும். ரெண்டிலும் சிவப்புக்குக் காரணம் அதே ஆந்தோசயனின்தான்.

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்லணும். வாணவெடியில் ஸ்ட்ரான்சியம் சிவப்பும் பேரியம் பச்சையும் தருவது, சூடான அணுக்களும் மூலக்கூறுகளும் அந்த நிற ஒளியை வெளியே விடுவதால். இலையும் பூவும் ஒளியை வெளியிடுவதில்லை. விழுகிற வெயிலில் சில நிறங்களை உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் நிறத்துக்காக வைக்கும் குரோட்டன்ஸையும் அக்கலிஃபாவையும் இருட்டு மூலையில் வைத்தால் நிறம் மங்கிப் பச்சையடித்துவிடும்.

சரி, எதைத் தேர்ந்தெடுக்கலாம்? செடி வாங்கும் முன் மூணு கேள்வி கேளுங்க.

முதல் கேள்வி: எந்த மண்? நம்மது பெரும்பாலும் கரிசல். சிவில் படிக்கிறவங்களுக்குத் தெரியும், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். சுண்ணாம்பும் காரத்தன்மையும் அதிகம் உள்ள மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை எடுக்க முடியாது. இட்லிப்பூச் செடியின் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதனால்தான். இட்லிப்பூ வேணும்னா செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து தொட்டியில் வையுங்க.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு தண்ணீர்? இதுதான் முக்கியம். அர்ஜுனா நதியின் குறுக்கே அணை இருக்கும் ஊர்தான். ஆனாலும் கோடையில் குடத்தோடு தண்ணிக்கு நிற்பது நமக்குப் புதுசு இல்லை. தினமும் குடிதண்ணீர் கேட்கும் அழகுச்செடி நமக்கு அழகு இல்லை. இங்கே ஜெயிப்பது காகிதப்பூ. வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் குறைத்தால்தான் அது நிறையப் பூக்கும், அதிகம் ஊற்றினால் இலைதான் தழைக்கும். நாம் பூ என்று சொல்வது பூவடிச் செதில். உண்மையான பூ அதற்குள் இருக்கும் சின்ன வெள்ளைக் குழாய். அந்த நிறமும் ஆந்தோசயனின் இல்லை, பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலெய்ன் வகை.

அடுத்தது ஆவாரை. நர்சரியில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ரோட்டோரத்து நெற்றிலிருந்து விதை எடுத்தால் போதும். மஞ்சள் பூவும் தரும், வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்குச் சாப்பாடும் போடும். கொஞ்சம் நிழலும் ஈரமும் இருக்கும் இடத்துக்குக் கனகாம்பரம். அதற்கு ஆங்கிலத்தில் 'ஃபயர்கிராக்கர் ஃப்ளவர்' என்று பெயர், அதாவது பட்டாசுப் பூ! காய்ந்த காயில் ஈரம் பட்டால் வெடித்து விதையைச் சிதறடிக்கும். விதை பிடிக்காத டெல்லி கனகாம்பரத்தை மட்டும் தண்டு வெட்டி நட்டு வளர்க்கணும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம். காகிதப்பூ அதை ஓரளவு தாங்கும், இட்லிப்பூ தாங்காது.

மூணாவது கேள்வி: பக்கத்தில் யார் இருக்காங்க? அரளி வறட்சியைத் தாங்கும், உப்பையும் தாங்கும், வருஷம் முழுக்கப் பூக்கும். நாற்கரச் சாலைகளின் நடுவே அது நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம். மஞ்சள் அரளி விதையும் அப்படியே. குழந்தைகள் விளையாடும் இடத்திலும், ஆடு மாடு கட்டும் இடத்திலும் அரளி வேண்டவே வேண்டாம். வெட்டிப்போட்ட கிளையை ஆடு மேய்ந்தாலும் ஆபத்துதான். வேலிக்கு வைக்கும் தங்க நிற டுராண்டாவின் மஞ்சள் காயும் வாயில் போடக் கூடாதது.

கடைசியாக ஒரு பாடத்தை ஸ்பைரியாவிடமிருந்தே கத்துக்கலாம். வசந்தத்தில் பூக்கும் ஸ்பைரியா போன வருஷக் கிளையில் பூக்கும், அதனால் பூ முடிந்ததும் வெட்டணும். கோடையில் பூக்கும் வகை புதுக் கிளையில் பூக்கும், அதைத் துளிர்க்கும் முன்பே வெட்டணும். பூ எந்தக் கிளையில் வரும்னு தெரியாமல் கத்தரி எடுத்தால் அந்த வருஷப் பூவையே வெட்டிப்போட்ட மாதிரிதான். நம்ம காகிதப்பூவும் செம்பருத்தியும் புதுத் தளிரில் பூப்பவை. ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் நுனியை வெட்டிவிடுங்க, அடுத்த சுற்று வரும்.

நடுவதற்கு நல்ல நேரம் புரட்டாசிக் கடைசி. பின்னாலேயே வரும் மழையில் வேர் இறங்கிவிடும், அடுத்த சித்திரைக்குள் செடி தன் காலில் நிற்கப் பழகிவிடும். பிறந்தநாளுக்கு நண்பனுக்குச் செடி பரிசாகக் கொடுப்பவர்களும் படத்தில் பார்த்த பூவை விட்டுவிட்டு, அவன் வீட்டு மண்ணையும் தண்ணீரையும் முதலில் விசாரிச்சுட்டு வாங்குங்க. ரெண்டு கோடை கழிச்சும் அந்தச் செடி உயிரோடு இருக்கும்.