மலாக்காச் செம்மண்ணில் விண்கல் தேடப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மெட்டல் டிடெக்டர் வாங்கிவிட்டாய், ஜாசின், அலோர் காஜா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இறங்கி விண்கல் தேடப் போகிறாய். இந்த ஆர்வம் நம் பிள்ளைகளுக்கு வந்திருப்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மலாக்கா மண்ணில் அந்தக் கருவியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை முதலில் தீர்த்துக்கொள். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே அது விண்கல் அல்லாதவற்றுக்கு ஓயாமல் ஒலிக்கும், கிடைக்க வாய்ப்புள்ள விண்கல்லுக்கோ பல வேளை வாய் திறக்காது. ஆகவே கண்ணைப் பழக்குவது முதல் வேலை. கருவி அதற்குப் பின்னால் வரட்டும்.

மண்ணிலிருந்தே தொடங்குவோம். இரும்புக் கற்கள் மண்டிய ஒரு செம்மண் வகைக்கு மலேசிய மண் ஆய்வாளர்கள் 'மலாக்கா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1511-இல் ஊரைப் பிடித்த போர்த்துகீசியர் ஆ ஃபமோசா கோட்டைக்கு வெட்டியெடுத்ததும் இதே இனத்துச் செம்பூரான்கல்தான். அதைப் புலாவ் உப்பே தீவிலிருந்து கொண்டுவந்தார்கள். டிடெக்டர் செய்வது இவ்வளவே: சுருளிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, உள்ளே உள்ள உலோகத்தில் எழும் மின்னோட்டம் திருப்பி உண்டாக்கும் புலத்தைக் கேட்கிறது. செம்பூரான்கல்லில் உள்ள இரும்பு ஆக்சைடுகளில் சில காந்தத் தன்மை கொண்டவை. அவையும் அந்தப் புலத்துக்கு மறுமொழி சொல்லும். மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சமன்செய்யும் வசதி இருக்கிறது என்பாய். உண்மைதான், ஆனால் மண் ஒரே சீராக இருக்கும் இடத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். அடிக்கு அடி கற்களின் அளவு மாறும் சரிவில் நீ சமன்செய்துகொண்டேதான் நடக்க வேண்டும்.

இதன்மேல் தோட்டத்து இரும்பு வேறு. 1896-இல் தோட்டக்காரர் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலம் முதல் இந்த மண்ணில் நம்மவர் உழைப்போடு சேர்ந்து இரும்பும் விழுந்துகொண்டே இருக்கிறது. மங்கு தாங்கிய கம்பி, தேய்ந்த பால்வெட்டுக் கத்தி, லோரியின் ஆணி, இடித்த லயத்தின் தகரத் துண்டு எல்லாம் மண்ணுக்கு அடியில் கிடக்கின்றன. காசு தேடுவோர் கருவியில் இரும்பை விலக்கும் அமைப்பைப் போட்டுக்கொண்டு இதிலிருந்து தப்பிவிடுவார்கள். உனக்கு அந்த வழி இல்லை. விண்கல்லில் உள்ள உலோகம் இரும்பும் நிக்கலும்தான். இரும்பை விலக்கினால் தேடுவதையே விலக்கியவனாவாய்.

இனி மறுபக்கம். விண்கல் என்றால் இரும்புக் கட்டி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கண்முன் விழுந்து எடுக்கப்பட்டவற்றில் இரும்பு வகை சுமார் 5 விழுக்காடுதான். பெரும்பாலானவை கல் வகை. அந்தக் கல் வகையிலும் உலோகம் ஒரே அளவில் இருக்காது. 'எச்' பிரிவில் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை உண்டு, அதற்குக் கருவி ஒலிக்கலாம். 'எல்எல்' பிரிவில் மிகச் சொற்பம். 1857 பிப்ரவரி 28-இல் மதுரைப் பக்கம் விழுந்த பர்னல்லி விண்கல், 2008 செப்டம்பர் 12-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த 100 கிலோவுக்கு மேற்பட்ட கற்கள் இரண்டுமே 'எல்எல்' பிரிவு. நமக்கு இன்னும் அருகில், நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவின் கோலாங்கில் 2020 ஆகஸ்ட் 1-இல் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்து மண்ணில் புதைந்தது கரிமக் கல். அதில் உலோகம் ஏறக்குறைய இல்லை. 1898-இல் கண்டெடுத்த கொடைக்கானல் விண்கல் இரும்பு வகை, அதற்கு எந்த டிடெக்டரும் கத்தும். அப்படி ஒன்று மலாக்காவில் உனக்கு அகப்பட்டால் உன் நல்லூழ். அதை நம்பித் திட்டம் போடாதே.

ஓமானிலும் சகாராவிலும் அள்ளுகிறார்களே என்று கேட்பாய். அங்கே வறட்சி கல்லைப் பல்லாயிரம் ஆண்டு காக்கிறது; வெளிறிய தரையில் கருங்கல் தொலைவிலிருந்தே தெரிகிறது. பெரும்பாலும் அவர்கள் எடுப்பதும் கண்ணால் பார்த்துத்தான். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழையும் வெக்கையும் உலோகத்தைத் துருவாக்கி, கல்லைக் குலைத்து, செம்மண்ணோடு செம்மண்ணாக்கிவிடும். பழைய விண்கல்லைத் தோண்டி எடுப்போம் என்பதைவிட, புதிதாக விழுவதை மழைக்கு முன் எடுப்போம் என்பதே நம் நாட்டில் நடக்கக்கூடிய காரியம். வானத்தில் பெரிய எரிபந்து போனது என்று செய்தி வந்தால், காரில் பொருத்திய கேமராப் பதிவுகளைத் திரட்டு, எந்தத் திசையில் போனது, எங்கே அணைந்தது, இடியோசை எத்தனை வினாடி கழித்துக் கேட்டது என்று ஊர் ஊராக விசாரி. அந்தத் திறமை பத்து டிடெக்டருக்குச் சமம்.

அப்படியானால் கருவியை மூலையில் போடவா? வேண்டாம். விழுந்த இடம் ஓரளவு தெரிந்து, புல்லும் சருகும் மறைக்கும்போது அது துணைக்கு வரும். ஒலி கேட்டதும் என்ன செய்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் எடுத்த கல்லை விண்கல் என்று நிறுவ முயலாதே, அல்ல என்று நிறுவ முயன்று பார். உட்புறத்தில் காற்றுக் குமிழிபோல் ஓட்டைகள் இருந்தால் அநேகமாக அது உலைக் கசடு. டைல்ஸின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் தேய்த்தால் சிவப்புக் கோடு விழுகிறதா, ஹேமடைட். கருஞ்சாம்பல் கோடா, மேக்னடைட். புதிதாக விழுந்த கல்லில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கருந்தோல் போர்த்தியிருக்கும், உள்ளே நிறம் வெளிறும், உடைந்த முகப்பில் சிறு உருண்டைகளும் மின்னும் உலோகப் பொட்டுகளும் தெரியும். நிக்கல் சோதனையில் நிறம் மாறியது என்று மட்டும் துள்ளாதே. துருப்பிடிக்காத எஃகிலும் நிக்கல் உண்டு, ரப்பர் ஆலைகளிலும் பனை ஆலைகளிலும் அந்த எஃகு நிறைய.

காந்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்ல மனசுள்ளவர்களே கெடுதல் செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் வலிய நியோடிமியம் காந்தத்தை விண்கல்லில் ஒட்டவைத்தால், அது பிறந்த இடத்தின் பழைய காந்தப் பதிவு அழிந்துபோகும். செவ்வாயிலிருந்து வந்த 'பிளாக் பியூட்டி' கல்லின் பல துண்டுகளுக்கு இதுதான் நடந்தது. உலோகம் உண்டா என்று அறிய டிடெக்டரே போதும், கல்லைத் தொடாமலே சொல்லும். கருவியைக் குறைசொல்லிக்கொண்டே வந்த நான், இந்த ஓர் இடத்தில் அதை மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

அவசர முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாட்றம்பள்ளி சாட்சி. 2016 பிப்ரவரி 6-இல், அன்றைய வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த அந்த ஊரில், ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஓர் ஓட்டுநர் இறந்தார். விண்கல் விழுந்தது என்று தமிழ்நாட்டு அரசே அறிவித்தது, உலகச் செய்தியானது. படங்களைப் பார்த்த நாசா வல்லுநர்கள், தரையில் நடந்த வெடிப்புக்கே அவை பொருந்துகின்றன என்றார்கள். ஒரு குடும்பத்தின் துக்கத்தின் மேல் உறுதியாகாத ஒரு சொல் ஏறி உட்கார்ந்தது. நீ கண்டதாகச் சொல்லும் எதையும் நாளை இப்படித்தான் பிறர் எடுத்துச் செல்வார்கள்.

ஆகவே தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கு. பழைய காசோ, பீங்கானோ மண்ணில் தட்டுப்பட்டால் தோண்டாதே. 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் அதற்கு இருக்கிறது. கல் சந்தேகத்துக்கு உரியதாகத் தெரிந்தால் கிடந்த நிலையிலேயே அளவுகோலோடு படம் எடு, இடக்குறியைப் பதிவு செய், கைபடாமல் அலுமினியத் தாளில் சுற்றி உலர்ந்த இடத்தில் வை. பிறகு கனிமம் புவி அறிவியல் துறைக்கோ, பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகப் புவியியலாரிடமோ கொண்டு போ. உலக விண்கல் சங்கம் பெயர் கொடுத்துப் பதிவு செய்ய, 20 கிராம் அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அது, ஏற்புடைய நிறுவனத்தில் நிலையாகச் சேமிக்கப்பட வேண்டும். விலை பேச யாராவது வந்தால், அந்தப் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டுப் பேசு.

அன்புடன்,
உன் அண்ணன்